வெனீரும் நம்ம 'வா'வும்

ஏற்காடு
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு,

அடுத்த மாதம் வருவேன் என்று பிரெஞ்சில் எழுத நினைத்து 'ஜெ வோந்த்ரே' என்று எழுதிவிட்டாய். அதற்கு 'விற்பேன்' என்று பொருள். வருவேன் என்றால் 'ஜெ வியாந்த்ரே'. எழுத்தில் ஓர் 'ஐ' (i) மட்டும்தான் விடுபட்டிருக்கிறது, ஆனால் வினையே மாறிப்போகிறது. இந்த வெனீர் ('வா') வினையை ஒருதரம் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் இதே அச்சில் ஓடும் பத்துப் பன்னிரண்டு வினைகள் சும்மா வந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் 'வந்தேன்' என்பதைப் பிரித்து எழுதியது நினைவிருக்கும். வா பகுதி, 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இடைநிலை, ஏன் விகுதி. வருகிறேனில் அதே வா 'வரு' ஆகிறது. வெனீரும் அப்படித்தான். அதன் பகுதி மூன்று உருவம் எடுக்கும்: வென், வியென் (ஒருமையில் வியான்), வியாந்த். எந்த இடத்தில் எது வரும் என்பதுதான் பாடம். நாற்பது வடிவத்தை வரிசையாக ஒப்பிக்கிற வேலையை விட்டுவிடு.

நிகழ்காலம், நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: ஜெ வியான், த்யூ வியான், இல் வியான், நூ வெனோன், வூ வெனே, இல் வியென். 'நூ', 'வூ' இரண்டில் மட்டும் பழைய 'வென்' அப்படியே நிற்கிறது. காரணம் லத்தீனில் இருக்கிறது. குரலின் அழுத்தம் பகுதிமேல் விழுந்த இடத்தில் 'எ' உடைந்து 'இயெ' ஆனது. அந்த இரண்டு இடத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டதால் உடையவில்லை. நீ 'நூ வியெனோன்' என்று சொல்வது இதனால்தான் தவறு.

உச்சரிப்பில் நீ தடுமாறுவது ஒருமை 'வியான்', பன்மை 'வியென்' இரண்டுக்கும் இடையில். இதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிப் பார்: "நான் நேத்தே வந்தேன்." பேச்சில் கடைசி ன்-க்கு நாக்கு மேலே தொடாது, மூச்சு மூக்கு வழியாகப் போய்விடும். இப்போது "வந்தேனா?" என்று கேள். நாக்கு தொடுகிறது. ஒருமை வியான் முதல் வகை, பன்மை வியென் இரண்டாம் வகை. பன்மையில் எழுத்தாக நிற்கும் கடைசி 'எந்த்' (ent) என்பதை வாசிக்கவே கூடாது. அது கண்ணுக்கு மட்டும்.

எதிர்காலத்தில் வரும் 'த்' எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். ன்-க்குப் பின் ர் வந்தால் நடுவில் நாக்கு தானாகவே ஒரு ஒலியைத் தட்டிவிடும். நாம் 'கன்று', 'பன்றி' சொல்லும்போது நடுவில் ஒரு ட் ஒலி கேட்கிறதே, அதேதான். நம் கணக்கில் அதைச் சந்தி என்று வைத்துக்கொள். ர் எதிர்கால இடைநிலை, ஏ விகுதி. ஆறு இடத்திலும் 'வியாந்த்' மாறாது: வியாந்த்ரே, வியாந்த்ரா, வியாந்த்ரா, வியாந்த்ரோன், வியாந்த்ரே, வியாந்த்ரோன்.

தொடர் இறந்தகாலம் இதைவிட எளிது. நிகழ்காலத்து 'நூ'வின் 'வென்'னை எடுத்து விகுதி சேர்த்தால் போதும்: வெனெ, வெனெ, வெனெ, வெனியோன், வெனியே, வெனெ.

முடிந்துபோன வருகைக்கு 'வெனூ'. இதற்குத் துணைவினை எத்ர் ('இரு'), அவுவார் ('உடைமையாகக் கொள்') இல்லை. 'ஜெ ஸ்வி வெனூ'. நீ பெண், அதனால் எழுதும்போது கடைசியில் ஓர் 'இ' (e) எழுத்து சேர்க்க வேண்டும். காதில் வித்தியாசம் கேட்காது, ஆனால் தேர்வில் மதிப்பெண் போகும். மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்து வந்தால் அந்த 'இ' போய் 'எஸ்' வரும். தமிழில் வா போலவே தா நடப்பது மாதிரி, பிரெஞ்சில் வெனீர் போலவே தெனீர் ('பிடி') நடக்கும்: தியான், தெனோன், தியென், தியாந்த்ரே. ஆனால் தெனீருக்குத் துணைவினை அவுவார். ரெவெனீரும் ('திரும்பி வா') தெவெனீரும் ('ஆகு') எத்ர் பக்கம், ப்ரெவெனீர் ('முன்கூட்டித் தெரிவி') அவுவார் பக்கம். இதை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

'வியென்' இன்னொரு இடத்திலும் வரும்: 'இல் ஃபோ க ஜெ வியென்', நான் வந்தாக வேண்டும். அங்கேயும் நூ, வூ பழைய பகுதிக்கே திரும்பும்: வெனியோன், வெனியே. கதைப் புத்தகங்களில் 'இல் வான்' என்று பார்த்தால் 'வந்தான்' என்று அடையாளம் தெரிந்தால் போதும். பேச்சில் தேவையில்லை.

நடுவில் வரும் சின்ன 'த'வைக் கவனி. 'ஜெ வியான் மோன்ஜே' என்றால் சாப்பிட வருகிறேன். 'ஜெ வியான் த மோன்ஜே' என்றால் இப்போதுதான் சாப்பிட்டேன். 'ஜெ வியான் த சேலம்' என்றால் சேலத்திலிருந்து வருகிறேன். பின்னால் வருவது வினையா ஊரா என்று பார்த்தால் குழப்பம் வராது.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அடிவாரத்திலிருந்து மலை ஏறு. கொண்டை ஊசி வளைவு 20. நிகழ்காலம் 6, தொடர் இறந்தகாலம் 6, எதிர்காலம் 6, ஆண்பாலுக்கு ஒரு வெனூ, பெண்பாலுக்கு ஒரு வெனூ. வளைவுக்கு ஒன்றாகச் சொல், கடைசி இரண்டை எழுத்துக்கூட்டிச் சொல். நான்காவது, ஐந்தாவது வளைவில் 'வென்' வர வேண்டும். வராவிட்டால் திரும்ப அடிவாரத்திலிருந்து தொடங்கு. காலையில் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை, ஒரு வாரம் செய்.

இன்னொன்று. கிளம்பும்போது நம் வாயில் 'வர்றேன்'தான் வரும், 'போறேன்' என்று சொல்ல மனம் வராது. அங்கே அந்தச் சகுனம் இல்லை. கிளம்பும்போது 'ஜெ வியான்' என்றால், கூட வருவதாக நினைத்து உனக்காகக் காத்திருப்பார்கள். கிளம்பினால் 'ஜி வே', உடனே திரும்பினால் 'ஜெ ரெவியான்'. யாராவது கூப்பிட்டு நீ "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கும் இடத்தில் வெனீரே வேண்டாம், 'ஜாரீவ்' என்று சொல்.

தெனீரை நீயே ஆறு இடத்துக்கும் எழுதி அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா