அட்டையில் இல்லாத ஓட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் உடல்நலம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில், எடை கூடியவர்களுக்கு உடற்தகுதி இருக்காது என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. 27 வருடம் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான்.

என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ, உடல் நிறை எண் (பி.எம்.ஐ., அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 27. மருத்துவப் பரிசோதனை அட்டையில் ‘அதிக எடை’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்கள். 12 நிமிட ஓட்டத்தில் அந்தப் பெண் 400 மீட்டர் தடத்தை ஐந்தரைச் சுற்று ஓடினாள். முடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்று, மணிக்கட்டில் விரல் வைத்துத் தன் நாடியைத் தானே எண்ணிச் சொன்னாள். அதே வகுப்பில் 170 செ.மீ., 58 கிலோவில் ஒரு பையன். எண் 20, அட்டையில் ‘இயல்பு’. மூன்றாவது சுற்றிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் பட்டப்பெயர் வைத்தார்கள். இரண்டாம் ஆண்டில் அவள் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் கணக்குக்கு 1830களில் அடிப்படை போட்ட பெல்ஜியக் கணித அறிஞர் கெத்லே, மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடியவர். தனி ஆளின் உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று இந்த எண் சொல்லாது. எடைக்கும் தகுதிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நீண்ட ஓட்டத்திலும் புல்-அப்ஸிலும் கூடுதல் கொழுப்பு சுமைதான். ஆனால் குண்டு எறிவதிலும் கைப்பிடி வலுவிலும் கனத்த உடம்புக்காரர்கள்தான் பெரும்பாலும் முந்துவார்கள். மிகவும் ஒல்லியாக, தசையே இல்லாமல் இருக்கிற பிள்ளைகளும் தகுதித் தேர்வுகளில் பின்தங்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

அப்புறம் அந்தக் கட்டுரையோடு போட்ட படம். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு வயிற்றை மட்டும் போடுவது இது முதல் தடவை அல்ல. தேர்வு வந்தால் விளையாட்டு வகுப்பைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், மைதானத்தில் வண்டி நிறுத்துகிறார்கள் என்று மூன்று வருடத்துக்கு முன்பு உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட இடமும் இல்லை, நேரமும் இல்லை என்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அதைக் கேட்காமல் அவர்கள் எடையைக் கேட்கிறோம்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். இனி இந்த மாதிரிக் கட்டுரைகளுக்குத் தலையில்லாத படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்