வீசை மாறியது, கிலோ மாறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வந்த, கோட்லின் என்ற கணினி மொழிப் பாடத்தை யாங்கோனில் எங்கள் கடைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். கிளாஸ் (ஒரு வகைப் பொருளுக்கான அச்சு), பிராப்பர்ட்டி (அதற்குள் இருக்கும் ஒரு தகவல்) பற்றியெல்லாம் தமிழில் எழுத ஆள் கிடைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பிராப்பர்ட்டியை அறிவிக்கும் சொற்களில் 'வார்' (var) திறந்த பெட்டி, 'வால்' (val) பூட்டிய பெட்டி என்று பாடத்தில் சொல்லியிருப்பதைத் திருத்த வேண்டும். நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு முறை தலைகுனிந்தேன்.

எங்களுக்கு உளுந்து, துவரை வியாபாரம். நிறுவை வீசைக் கணக்கில்தான். பர்மா வீசை 1.633 கிலோ. தமிழ்நாட்டில் அந்தக் காலத்து வீசை சுமார் 1.4 கிலோ என்பதால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு எப்போதும் குழப்பம். பில் போட நானே போனுக்கு ஒரு செயலி எழுதினேன். 'சரக்கு' என்று ஒரு கிளாஸ். அதில் 'வீசை' வார், 'கிலோ' வால். கிலோவுக்கு நேரே சமக்குறி போட்டு, வீசை பெருக்கல் 1.633 என்று எழுதியிருந்தேன். 60 வீசைக்கு 97.98 கிலோ சரியாக வந்தது.

ஒரு நாள் உளுந்து கேட்டவர், மூட்டை தராசில் ஏறிய பிறகு, 30 வீசை போதும் என்றார். வீசையைத் திருத்தினேன். பில்லில் கிலோ 97.98 என்றே நின்றது. பல வருஷ வாடிக்கையாளர் அவர். பில்லின் ஓரத்தில் பென்சிலால் 48.99 என்று எழுதி என் பக்கம் தள்ளினார். அப்பா ஒன்றும் பேசாமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெறும் சமக்குறி போட்டால், அந்தச் சரக்குக்கான பதிவு உருவாகும்போது ஒரே தடவை கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். சமக்குறிக்கு முன்னால் 'கெட்' (get) என்று எழுதி வெற்று அடைப்புக்குறி இட்டிருந்தால், கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிட்டிருக்கும். இரண்டுமே வால்தான். வால் என்றால் வெளியிலிருந்து வேறு மதிப்பைத் திணிக்க முடியாது, அவ்வளவுதான். கேட்டால் வரும் விடை மாறாது என்று பொருளில்லை.

1995இல் வந்த ஜாவா என்ற கணினி மொழியில் இதற்குத் தனி மெத்தட், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு செயல்துண்டு, எழுதுவார்கள். கூப்பிடும் இடத்தில் அடைப்புக்குறி இருப்பதால் உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்று தெரியும். 2016இல் முதல் முழுப் பதிப்பு வந்து, மறு வருஷமே ஆண்ட்ராய்டுக்கு கூகுள் ஏற்றுக்கொண்ட கோட்லினில், வைத்திருக்கும் மதிப்பும் கணக்கிடும் மதிப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அந்த மொழியில் எனக்குப் பிடித்ததே அதுதான். புதிதாகக் கற்பவர் வழுக்குவதும் அங்கேதான்.

இன்னொன்று. பாடத்தில் 'மாணவர்' கிளாஸில் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். பர்மியருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இங்குள்ள நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். கட்டாயம் என்றால் பாவம், ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார்கள். எழுத்துத் தகவலைக் குறிக்கும் ஸ்டிரிங் (String) என்ற சொல்லுக்குப் பின் ஒரு கேள்விக்குறி போட்டால் அந்த இடம் காலியாகவும் இருக்கலாம் என்று கோட்லின் ஏற்றுக்கொள்ளும். அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

ஞாயிறு மாலைகளில் கோயில் மண்டபத்தில் பதினொரு பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத் தருகிறேன். உங்கள் பாடத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் திருத்தத்துக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கடைக் கணக்கு எழுதும் வாசகி,
யாங்கோன்