கடல் பொங்கவில்லை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் பையன் நடுவில் வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அவன் காதில் விழும்படி இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன ஞாயிறு நீ அவனிடம் கதை சொன்னாயே, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "ராத்திரி திடீர்னு கடல் பொங்கிடுச்சு, தாத்தாதான் எங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டு ஓடினார்." அவன் கண்ணை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நானும் சிரித்து வைத்தேன். இப்போது அவனைக் கூட்டிக்கொண்டு சியாட்டிலிலிருந்து லா புஷ் பக்கம் ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடற்கரையில் டென்ட் போடப் போகிறேன் என்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை.

அன்றைக்குக் கடல் பொங்கவே இல்லை கண்ணு. வர வேண்டிய நேரத்தில், வர வேண்டிய இடம் வரைக்கும்தான் வந்தது. நான்தான் அதன் இடத்தில் போய்ப் படுத்திருந்தேன்.

1997 டிசம்பர், சனிக்கிழமை, பௌர்ணமி. உனக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு. பம்பாய் சோர் பஜாரில் பேரம் பேசி ஒரு பழைய கித்தான் டென்ட் வாங்கியிருந்தேன். சயான் கோலிவாடாவில் நம் கட்டடத்து மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தபோது அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாவுச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் ஏறி ரேவஸ், அங்கிருந்து எஸ்.டி. பஸ்ஸில் அலிபாக், அப்புறம் ஆட்டோவில் ஆக்ஷி. சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் மணல், அதற்கப்பால் கடல். தோப்பு ஓரத்தில் கம்பு நட்டு போம்பில் மீனைக் காயப் போட்டிருந்தார்கள். நீ அந்த வாடைக்கு முகத்தைச் சுளித்தது நினைவிருக்கிறதா?

நாம் போய்ச் சேரும்போது மதியம் மூன்று மணி. பகல் ஏற்றம் முடிந்து தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. மணலில் ஈரத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பத்தடி மேலே டென்ட் போட்டேன். மணலில் முளை நிற்காது என்று தெரியும், அதனால் அரிசிச் சாக்கில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தேன். அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது.

மீன் காயப் போட்ட கோலி ஆஜி, மீனவக் கிழவி ஒருத்தி வந்து நின்றாள். கையால் தோப்பைக் காட்டி, "வர் லாவா" என்றாள். மேலே போடு. ராத்திரி தண்ணீர் மேலே வரும் என்றும் சொன்னாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. மராத்தி புரியாதவன் மாதிரி தலையாட்டினேன். டென்ட் வாசலைத் திறந்தால் நேரே கடல் தெரிய வேண்டும் என்று அதை வாங்கிய நாளிலிருந்து மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு உங்கள் முன்னால் கட்டி முடித்ததைப் பிரிக்க மனம் வரவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அப்பா துறைமுக டாக்கில் சரக்கைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க். என் மேஜைக்கு எதிர்ச் சுவரில், கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணை தொங்கும். பம்பாயில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் நடுப்பகலுக்கும் நள்ளிரவுக்கும் பக்கத்தில் வரும் என்பது அங்கே டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், ஆனால் இரண்டும் ஒரே உயரம் கிடையாது. மழைக்காலத்தில் பகல் ஏற்றம் பெரிது, குளிர்காலத்தில் ராத்திரி ஏற்றம். நான் பார்த்தது சின்னதன் ஈரத்தை. பெரியதன் அடையாளமும் அங்கேயே இருந்தது. இன்னும் மேலே, சவுக்கு மரத்தடியில், காய்ந்த பாசி, தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு, தெர்மோகோல் துண்டு எல்லாம் ஒரே கோடாகக் கிடந்தன. அந்தக் கோட்டைத் தாண்டித்தான் கீழே இறங்கினேன்.

நள்ளிரவில் நீதான் முதலில் எழுந்தாய். "அப்பா, தம்பி படுக்கையிலேயே போயிட்டான்" என்று புகார். நான் தடவிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அதற்குள் அடுத்த அலை வாசல் வழியாக வந்து உன் தலையணையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தூக்கிக்கொண்டு ஓடினேன் என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீர், இருபது தப்படி தூரம். நனைந்த கித்தானை நானும் அம்மாவும் சேர்ந்து இழுத்தும் அசைக்க முடியவில்லை. விடியும் வரை மரத்தடியில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கார்த்திகைக்குச் செய்து மிச்சமிருந்த பொரி உருண்டையைத் தின்றோம். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "கடல் பொங்கிடுச்சு" என்று சொன்னேன். அது அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் பக்கத்துக் கடலைப் பற்றி இந்த ஒரு வாரமாகப் படித்தேன். அங்கேயும் தினம் இரண்டு ஏற்றம், அங்கேயும் உயரம் வேறுபடும். அட்டவணையில் இரண்டையும் பார், பெரியதை எடுத்துக்கொள். மறுநாள் அதே நேரம் என்று நினைக்காதே, சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். பாறை முனைகளை வற்றத்தில்தான் சுற்றிப் போக முடியும். போகும்போது இருக்கிற மணல் திரும்பும்போது இருக்காது. சில முனைகளில் காட்டுக்குள் ஏறிப் போக வழி உண்டாம், சிவப்பும் கறுப்புமாக வட்டப் பலகை மாட்டியிருப்பார்களாம். அதைக் கண்டுபிடிக்கிற வேலையைப் பையனிடம் கொடு.

எனக்குப் பெரிய பயம் மரக்கட்டைகள்தான். கரையோரம் சோபா மாதிரி கிடக்கும் அந்த ராட்சதக் கட்டைகளை ஒரு அலை வந்தால் தூக்கிப் புரட்டிவிடுமாம். அவன் அதில் ஏறிக் குதிக்காமல் பார்த்துக்கொள், அதன் மறைவில் டென்டும் போடாதே. சாப்பாட்டுக்குக் கரடி திறக்க முடியாத டப்பா கட்டாயம் என்கிறார்கள். ரக்கூன் தொல்லையும் உண்டாம். இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும், சரி.

நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "அந்தக் கிழவி எங்கிட்டயும்தான் சொன்னா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குப் படுக்கும் முன் உங்கள் மாற்றுத் துணியையும் பொரி உருண்டை டப்பாவையும் பையில் போட்டு சவுக்குக் கிளையில் கட்டித் தொங்கவிட்டவள் அவள். எறும்புக்காக என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"கேக்குற ஆளா நீங்க?" என்றாள்.

அன்புடன்,
அப்பா