அந்த போட்டோவ பெருசு பண்ணி பாருங்க

நிர்வாகத்துக்கு வணக்கம்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல, விமானம் வந்து நிக்கற ரேம்ப்ல, 1993ல இருந்து 2023 வரைக்கும் உங்களுக்கு வேலை பாத்தவரோட பொண்ணு நான். யாருன்னு உங்களுக்கு தெரியும், ஏன்னா அப்பாவோட காது டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு நான் அனுப்பின ரெண்டு மெயில், ஒரு ரிஜிஸ்டர் போஸ்ட் ஏற்கனவே வந்திருக்கு. அப்பா போய் நாலு மாசம் ஆகுது. போன வாரம் நீங்க பாதுகாப்பு வாரத்துக்காக அவரோட பழைய போட்டோவ போட்டு "எங்கள் பெருமை"ன்னு எழுதியிருந்தீங்க, ரொம்ப நன்றி. அந்த போட்டோவ கொஞ்சம் பெருசு பண்ணி பாருங்க சார். காதுல வெள்ளையா தெரியுதுல்ல, அது பஞ்சு.

ஷிஃப்டுக்கு ஒரே ஒரு இயர் மஃப், அது புஷ்பேக் பண்றவருக்கு, அதாவது விமானத்த பின்னாடி தள்ளி விடறவருக்கு. மத்தவங்களுக்கு அம்மாங்க குடுத்து விடற பஞ்சு. அப்போ வந்ததெல்லாம் பழைய போயிங் 737-200 விமானம், எஞ்சின நிறுத்தினாலும் நிக்கற விமானத்துக்கு கரண்ட் குடுக்க வால்ல இருக்கற ஏபியுங்கற குட்டி எஞ்சின் கத்திக்கிட்டே கிடக்கும், லக்கேஜ் இறக்கி ஏத்தற வரைக்கும் அதுக்கு பக்கத்துலயேதான் நிக்கணும். நடுவுல கம்பெனி பேரு மாறிச்சு, யூனிஃபார்ம் கலர் மாறிச்சு, அப்பா நின்ன இடம் மட்டும் மாறல.

44 வயசுலயே அப்பாவுக்கு குக்கர் விசில் கேக்காது. ஆனா பொழிச்சலூர்ல மொட்டமாடில நின்னா தலைக்கு மேல போறது சின்ன ஏடிஆர் விமானமா பெரிய ஏர்பஸ்ஸான்னு கரெக்டா சொல்லுவாரு, அந்த கனமான சத்தம் மட்டும் மிச்சம் இருந்துச்சு. ராத்திரி தூக்கம் வராம உக்காந்திருப்பாரு, என்னப்பான்னு கேட்டா "ஏபியு ஓடுதும்மா, ஆஃப் பண்ண மாட்டேங்கறாங்க"ன்னு சிரிப்பாரு.

கடைசி நாள் ஐசியூவுல காது மெஷின கழட்டி என் கையில குடுத்துட்டாங்க. டாக்டர் குனிஞ்சு "வலிக்குதாய்யா"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்பா "சாப்ட்டேன் சார்"னு சொன்னாரு. எனக்கு அதுக்கு மேல அங்க நிக்க முடியல.

என் மெயிலுக்கு நீங்க அனுப்பின பதில் ஒரே வரி, வயசானா காது கேக்காம போறது இயல்புதானாம். 44 வயசா சார்? வயசுல போற காது கீச்சுன்னு இருக்கற மேல் சத்தத்துல இருந்து சரிஞ்சுக்கிட்டே போகும், இரைச்சல்ல போனது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளமா விழும்னு இஎன்டி டாக்டர் கிராஃப் போட்டே காட்டினாரு. அந்த பள்ளம் எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு உங்க ஃபைல்ல இருக்கு. வருஷா வருஷம் மெடிக்கல்ல ஹெட்ஃபோன் மாட்டி டெஸ்ட் பண்ணீங்கல்ல, ஒரு தடவயாவது அந்த பேப்பர அவர் கையில குடுத்தீங்களா? "ஃபிட்"னு சீல் குத்தி மறுபடி அதே ஏபியு கிட்ட அனுப்பினீங்க. நான் கேக்கறது அந்த ரிப்போர்ட்டோட காப்பி, அவ்ளோதான்.

ஏர்போர்ட்டுக்கு கண்ணாடி கண்ணாடியா புது டெர்மினல் வந்தாச்சு, உள்ள காபி விலைய கேட்டா நல்ல காதே அடைச்சுக்கும், வெளிய ரேம்ப்ல நிக்கற பையன் மட்டும் இன்னும் காண்ட்ராக்ட்ல, காதுல இன்னும் பஞ்சு. ஒருவேளை பஞ்சும் பாரம்பரியம்னு காப்பாத்தறீங்களோ என்னவோ.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. அப்பா வேலை பாத்தப்ப இருந்த 1923ஆம் வருஷ தொழிலாளர் இழப்பீட்டு சட்டத்தோட மூணாவது அட்டவணையில இரைச்சலால காது போறதும் தொழில் நோய்னு எழுதியிருந்துச்சு, உங்க ஹெச்ஆருக்கு இது தெரியாம இருக்காது. பணம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அப்பாவோட காது டெஸ்ட் ரிப்போர்ட், சேர்ந்த வருஷத்துல இருந்து ரிட்டயர் ஆன வருஷம் வரைக்கும், எல்லாத்துக்கும் காப்பி குடுங்க. தயவு செஞ்சு. அட்ரஸ் ஃபைல்ல இருக்கறதுதான், போஸ்ட்ல அனுப்பினாலும் சரி, என்னைக்கு வரணும்னு சொன்னா நானே லீவு போட்டு வந்து கையெழுத்து போட்டு வாங்கிக்கறேன்.