சித்திக்கு, சாப்பா போவதற்கு முன்

அன்புள்ள சித்தி,

"காசு கொடுத்து அடுத்தவர் வீட்டில் படுத்துக்கொள்ள வியட்நாம் வரைக்கும் போகணுமாடி?" என்று போனில் கேட்டீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது உங்கள் வாக்கிங் கோஷ்டியே செப்டம்பரில், நான் போய்வந்த அதே மலை ஊர் சாப்பாவுக்குக் கிளம்புகிறது என்று அம்மா சொன்னாள். சரி, அப்படியென்றால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஹனோயில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது லாவ் காய். அங்கிருந்து மலைப்பாதையில் 38 கிலோமீட்டர் சாப்பா. ஊர் முழுக்க ஹோட்டல்கள்; அங்கே தங்காதீர்கள். கீழே முவோங் ஹோவா பள்ளத்தாக்கில் லாவ் சாய் என்று, 'கறுப்பு மோங்' என்ற மலைவாழ் இன மக்களின் கிராமம் இருக்கிறது. (எழுத்தில் 'ஹ்மோங்'. காதில் விழுவது என்னவோ 'மோங்'தான்.) நான் தங்கியது அங்கே.

பலகைச் சுவர், மண் தரை, உள்ளே நடுவில் அடுப்பு. அடுப்புக்கு மேலே புகையில் காயும் பன்றி இறைச்சி, பரணில் சோளக்கதிர். எனக்குப் பரண் ஓரம் மெத்தையும் கொசுவலையும். புகை கண்ணைக் கரிக்கும், ஆனால் அந்தக் குளிருக்கு அடுப்பை விட்டு நகரவும் மனசு வராது. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் கோழி இறகு ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது. அதுதான் அவர்களுடைய சாமி இடம். பக்கத்தில் ஆணி இருக்கிறதே என்று துண்டைக் காயப்போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். வீட்டுக்கார அக்கா ஒன்றும் சொல்லாமல் எடுத்து வேறு இடத்தில் போட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாப்பாட்டுக் கவலை உங்களுக்கு வேண்டாம். அந்த மலையெங்கும் பந்தலில் தொங்குவது நம்ம சௌசௌ! காயை விட்டுவிட்டுக் கொழுந்தைக் கிள்ளிப் பூண்டு போட்டு வதக்குகிறார்கள். மூன்று வேளையும் கொடுத்தாலும் தின்பேன். சைவம் என்பதற்கு வியட்நாமிய மொழியில் 'ஆன் சாய்'. டீ வராது, பயப்படாதீர்கள். மீன் சாறு வேண்டாம் என்பதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள், எல்லாவற்றிலும் அதை ஊற்றுவார்கள்.

மோங் மொழியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். பந்து, முள், அப்பாவைப் பெற்ற பாட்டி, மூன்றுக்குமே 'பொ'தான். சுரம் மட்டும் மாறும். அடுப்பருகே இருந்த பாட்டியை நான் பாசமாக 'முள்' என்று கூப்பிட்டிருக்கிறேன் போலிருக்கிறது. வீடே சிரித்தது. எழுதப் படிக்கத் தெரியாத அக்கா மட்டும், வந்துபோகிறவர்களிடம் காதால் பிடித்த ஆங்கிலத்தை என்னைவிட வேகமாகப் பேசினார்.

அக்காவின் கை மணிக்கட்டு வரை நீலம். அவுரிச் சாயம். சணல் போன்ற ஒரு செடியின் நாரை ஒன்றோடொன்று முறுக்கி இணைத்துக்கொண்டே நடப்பார், பேசுவார், என்னைப் பார்த்துச் 'சறுக்கும்' என்று எச்சரிப்பார். சாயம் தோய்த்த துணியை உருளைக்கட்டையில் வைத்து, மேலே கல் பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்று இப்படியும் அப்படியும் ஆடுவார். துணிக்கு மினுமினுப்பு வந்துவிடும். நான் ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டேன்.

நீங்கள் போகும் மாதத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். செப்டம்பரில் அடுக்கு வயல்கள் பொன்னாக இருக்கும். ஆனால் அங்கே குளிரால் வருஷத்துக்கு ஒரே போகம். அந்தப் பொன் நிறம் என்றால் அறுவடை என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் வயலில் மரத்தொட்டியை வைத்துக் கதிர் அடித்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் எனக்கு வழிகாட்டியாக மலை ஏறினார். "நெல்லு?" என்று கேட்டேன். "நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கு. காசு உன்னிடம்தான்" என்றார். துணி விற்பது, காட்டுக்குள் விளையும் கறுப்பு ஏலக்காய், அப்புறம் நம்மைப் போன்றவர்கள். கையில் பணம் புழங்கும் வழி அவ்வளவுதான். திரும்பி வந்ததும் தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் எனக்குச் சமைக்க உட்கார்ந்தார்.

அந்தக் காசிலும் பெரும்பகுதி வழியிலேயே போய்விடுகிறது, சித்தி. நான் ஹனோயில் ஒரு ஏஜென்டிடம் மொத்தமாகக் கட்டியிருந்தேன். அக்கா கைக்கு வந்தது எவ்வளவு என்று கடைசி நாள் கேட்டேன். நான் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் யார் மூலமும் போகாதீர்கள். 'ஹோம்ஸ்டே' பலகை மாட்டிய எல்லாமே மோங் வீடும் இல்லை; சமவெளியிலிருந்து வந்த முதலாளிகள் கட்டியவையும் நிறைய. அக்காவின் நம்பரை வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். எழுதாதீர்கள், குரல் செய்தியாகப் பேசுங்கள். காசை அவர் கையிலேயே கொடுங்கள். ராத்திரி சோள மது ஊற்றுவார்கள்; நீங்கள் தொடமாட்டீர்கள், சித்தப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அங்கே வாங்கிய அவுரிச் சாயப் பையைக் கொரியரில் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு அலசலுக்குத் தனி வாளியில் ஊற வையுங்கள். சித்தப்பா வேட்டியோடு சேர்த்துப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்