லொய்னாவைக் கழற்றிய கதை

அன்புள்ள கயலுக்கு,

போருக்குப் பிறகு ரஷ்யர்கள் ஜெர்மன் ஆலைகளை ஏன் கழற்றினார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் வரும். ஹாலேயிலிருந்து சைட்டுக்கு ரயிலில் போகும்போது படி.

நீங்கள் ஆலையைக் கழற்றும் சைட்டில் வேலைபார்க்கும் பெரியவர், "அப்போது ரஷ்யர்கள் கழற்றினார்கள், இப்போது நாங்களே கழற்றுகிறோம்" என்று சொன்னதாகச் சொன்னாய். அது சும்மா சொன்ன பேச்சில்லை. கிழக்கு ஜெர்மனியில் நீ இருக்கும் ஹாலேவுக்குப் பக்கத்தில் லொய்னா, ஷ்கோபாவ், பிட்டர்ஃபெல்ட், வோல்ஃபன் ஆகிய ஊர்களில் இருந்த பெரிய ஆலைகள் அந்தக் காலத்தில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஒரே ராட்சத ரசாயனக் கம்பெனியின் கையில் இருந்தவை. லொய்னாவை 1916இல் அம்மோனியாவுக்காகக் கட்ட ஆரம்பித்தார்கள். 1927இலிருந்து அங்கேயே பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோலும் எடுத்தார்கள். ஷ்கோபாவில் செயற்கை ரப்பர், வோல்ஃபனில் அக்ஃபா ஃபிலிம். ஹிட்லரின் டாங்கிகளும் விமானங்களும் ஓடியதில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் 1944 மே 12இலிருந்து அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் லொய்னாவின் மேல் திரும்பத் திரும்பக் குண்டு போட்டன.

1945 ஏப்ரலில் அங்கே முதலில் வந்தது அமெரிக்க ராணுவம். ஆனால் ஏற்கெனவே செய்த ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத்துக்குச் சேர வேண்டியது. ஜூலை தொடக்கத்தில் அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். கிளம்பும்போது இரும்பை அதிகம் தொடவில்லை. முக்கியமான விஞ்ஞானிகளையும் இன்ஜினியர்களையும் குடும்பத்தோடு வண்டியில் ஏற்றி, ஃபார்முலா, காப்புரிமைத் தாள்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சோவியத் ராணுவம் வந்தபோது ஆலை இருந்தது, ஆலையைத் தெரிந்த முக்கியமானவர்கள் பலர் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஏன் இயந்திரத்தை எடுத்தார்கள், பணமாகக் கேட்டிருக்கலாமே என்று நீ கேட்டாய். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடம் பெரும்பாலும் பணம்தான் கேட்டார்கள். அதில் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருந்தது. அதனால் இந்த முறை பொருளாகவே எடுத்துக்கொள்வது என்று முடிவு. 1945 பிப்ரவரியில் யால்டாவில் நடந்த நேசநாடுகளின் மாநாட்டில் சோவியத் தரப்பு மொத்தம் 2,000 கோடி டாலர் மதிப்புக்கு இழப்பீடு வேண்டும், அதில் பாதி தங்களுக்கு என்றது. ஆகஸ்டில் பாட்ஸ்டாம் மாநாட்டில் தொகை எதையும் எழுதவில்லை. அவரவர் பிடித்த பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. கூடவே மேற்குப் பகுதியில் தேவைக்கு மிஞ்சிய ஆலைகளில் 10 சதவீதம் சோவியத்துக்கு இலவசம், இன்னொரு 15 சதவீதம் தானியம், நிலக்கரி போன்றவற்றுக்கு மாற்றாக. 1946 மார்ச்சில் போட்ட திட்டத்தில் ஜெர்மனி செயற்கை பெட்ரோலும் செயற்கை ரப்பரும் செய்யவே கூடாது என்று இருந்தது. செய்யக் கூடாது என்றால் அந்த ஆலை மிகைதானே? கழற்ற வேண்டிய பட்டியலில் ஏறிவிடும்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி: மேற்குப் பகுதி இயந்திரங்களைப் பங்கு பிரிக்க பிரஸ்ஸல்ஸில் ஒரு அமைப்பு இருந்தது. அதில் இருந்த 18 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்போது நாம் சுதந்திரம்கூட அடையவில்லை.

சரி, கழற்றிய விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் வியப்பே, கழற்றுவது சோவியத்துக்குத் தெரியாத வேலை இல்லை என்பதுதான். 1941இல் ஜெர்மன் படை உள்ளே வந்தபோது, ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில் 1,500க்கும் மேற்பட்ட பெரிய ஆலைகளை அவர்கள் கழற்றி ரயிலில் யூரல் பக்கமும் சைபீரியாவுக்கும் கொண்டுபோனார்கள். சில இடங்களில் சுவரும் கூரையும் எழும்புவதற்கு முன்பே பனியில் லேத்தை நிறுத்தி ஓட்டினார்கள். உலகத்தில் யாரும் அந்த அளவுக்குச் செய்ததில்லை. அதே நாடு 1945இல் ஜெர்மனியில் செய்த வேலை ஏன் அவ்வளவு அலங்கோலமாக முடிந்தது?

நான் ஒரு பிளாண்ட் ஃபிட்டரின் கண்ணால் பார்க்கிறேன். 1941இல் அதே ரயிலில் அந்த மெஷினை ஓட்டியவனும் போனான். எந்த போல்ட் எங்கே என்று அவன் கைக்குத் தெரியும். 1945இல் ஒவ்வொரு அமைச்சகமும் தனித்தனியாகத் தன் ஆட்களை அனுப்பியது. சிவிலியன் இன்ஜினியர்களுக்கு ராணுவச் சீருடை மாட்டி, கர்னல் பதவி கொடுத்து அனுப்பினார்கள். ஒருவருக்கு முன்னால் இன்னொருவர் எடுத்துவிட வேண்டும் என்று போட்டி. இந்த வாரம் இத்தனை வேகன் என்று கணக்குக் காட்ட வேண்டும். போதாக்குறைக்கு, கிழக்குப் பகுதி ரயில்பாதைகளில் இரண்டாவது தண்டவாளத்தையே இழப்பீடாகப் பெயர்த்து எடுத்தார்கள். எந்தப் பாதையில் ஆலையை அனுப்ப வேண்டுமோ அதையே கழற்றியதும் உண்டு. பெட்டிகள் சைடிங்கில் திறந்த வெளியில் மழையிலும் பனியிலும் கிடந்து துருப்பிடித்தன.

அம்மோனியா பிளாண்டில் நான் வேலைபார்த்ததால் இதைப் படிக்கும்போது வயிறு எரியும். 200 அட்மாஸ்ஃபியர் அழுத்தம், 500 டிகிரி சூடு. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலிருக்கும் கார்பனைத் தின்றுவிடும். கார்ல் போஷ் அதைத் தாண்ட உள்ளே மெல்லிரும்பு உறை வைத்து, வெளிச் சுவரில் சின்னத் துளைகள் போட்டார். அம்மோனியா உண்டாகும் கன்வெர்ட்டர் என்ற கலன் அப்படிப்பட்டது. ஹை பிரஷர் பைப்பில் லென்ஸ் ரிங் என்ற உலோக வளையம் வைத்துத்தான் இணைப்பு. அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கசியும். பைப்புகளை இணைக்கும் ஒவ்வொரு ஃபிளேஞ்சிலும் இரண்டு பக்கமும் ஒரே நம்பரைப் பஞ்ச் அடிக்க வேண்டும், கல்யாணத்துக்கு இரவல் கொடுக்கும் பாத்திரத்தில் பேர் வெட்டுவதைப் போல. கிரீஸ் தடவி மூடி போட வேண்டும். கம்ப்ரஸர் கிராங்க் ஷாஃப்ட்டை அப்படியே படுக்கப்போட்டால் பேரிங்கில் தடம் விழும். காஸ் கட்டரைப் பிடித்து அவசரமாக வெட்டினவன் இதையெல்லாம் பார்த்திருப்பானா?

எங்கள் காலத்தில், மூடிப்போன வேறோர் ஆலையிலிருந்து ஒரு பழைய கம்ப்ரஸர் தூத்துக்குடியில் நான் இருந்த ஆலைக்கு வந்தது. டிராயிங் இல்லை, லாக்புக் இல்லை. கடைசியில் அந்த ஆலையில் ரிட்டயரான ஒரு ஃபிட்டரைத் தேடிக் கண்டுபிடித்து, லாட்ஜில் ரூம் போட்டு வைத்துக்கொண்டபிறகுதான் அது ஒழுங்காக ஓடியது. மனுஷன் காதை வைத்தே வால்வைச் சொல்வார்.

சோவியத் தரப்புக்கும் இது சீக்கிரம் புரிந்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் கொடுமை. 1946 அக்டோபர் 22 விடியற்காலையில் வீட்டுக் கதவைத் தட்டி, 2,000க்கும் அதிகமான ஜெர்மன் நிபுணர்களைக் குடும்பம், கட்டில், பீரோவோடு ரயிலில் ஏற்றினார்கள். பெரும்பாலும் விமானம், ராக்கெட் ஆட்கள்தான் என்றாலும் ரசாயனத்துறைக்காரர்களும் அதில் உண்டு. பலர் திரும்ப ஊர் பார்த்தது 50களில்தான். முன்னால் அமெரிக்கர்கள் செய்ததும் இதுவேதான், கொஞ்சம் நாசூக்காக. இருவரில் ஒருவரை நல்லவராக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை.

வோல்ஃபன் ஃபிலிம் ஆலையின் ஒரு பெரிய பங்கைக் கழற்றி உக்ரைனில் ஷோஸ்த்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஏற்கெனவே ஃபிலிம் செய்துகொண்டிருந்ததால் அது பிழைத்தது. அக்ஃபா வண்ண ஃபிலிம் ரகசியம் மேற்கிலும் பொதுச் சொத்தாகிவிட்டது. பெல்ஜியத்தில் கேவர்ட் கம்பெனி அதை வைத்துத்தான் கேவா கலர் செய்தது. 1956இல் வந்த தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் கேவா கலர். அப்புறம் வோல்ஃபனில் மிச்சமிருந்த ஆலை ஆர்வோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. டாலர் இல்லாமல் ரூபாயிலேயே நடந்த வர்த்தகத்தில் அந்த ஃபிலிம் நமக்கு வந்தது. எங்கள் வயதுக்காரர்கள் போஸ்டரில் 'ஆர்வோ கலர்' என்று பார்த்தது உன் ரயில் நிற்கும் ஊரிலிருந்து வந்தது.

எல்லாமே இப்படி நல்லபடியாகப் போகவில்லை. நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் ஆலைக் கருவிகளைக் கழற்றி சைபீரியாவில் அங்கார்ஸ்க்குக்குக் கொண்டுபோனார்கள். ஓட்ட ஆரம்பிப்பதற்குள் வருடங்கள் போய்விட்டன. சோவியத்துக்குச் சொந்த எண்ணெயே நிறையக் கிடைத்தது. கடைசியில் அங்கார்ஸ்க்கும் பெட்ரோலியத்துக்கே மாறியது. டியூஹெர்ன்ஃபுர்ட்டில் டாபுன் என்ற நரம்பு விஷம் செய்த ஆலை ஸ்டாலின்கிராடுக்குப் போனது. அது போகாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் படித்து ஜெர்மனிக்காக அழாதே. ஆஷ்விட்ஸ் பக்கத்தில் மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் ஒரு ரப்பர் ஆலை கட்டியது. கட்டியவர்களில் பலர் முகாம் கைதிகள். ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வேலையிலேயே செத்தார்கள், வேலைக்கு ஆகாதவர்களை விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கிலோ ரப்பர்கூட வரவில்லை. அந்த இரும்பிலும் ஒரு பங்கு கழன்று சோவியத்துக்குப் போனது. ஜெர்மன் படை அந்த நாட்டில் நொறுக்கிப்போட்ட ஆலைகளுக்கு எதை எடுத்தாலும் ஈடில்லை. எடுக்க உரிமை இருந்தது என்றே நான் சொல்வேன். எடுத்த விதத்தில்தான் கொடுத்தவனுக்கும் நஷ்டம், வாங்கியவனுக்கும் லாபமில்லை.

1946 கோடையிலேயே அவர்களுக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. லொய்னா, ஷ்கோபாவ், வோல்ஃபன் உள்ளிட்ட 200 ஆலைகளை இருக்கிற இடத்திலேயே சோவியத் கம்பெனிகளாக மாற்றினார்கள். ஜெர்மன்காரன் அங்கேயே செய்யட்டும், சரக்கு எங்களுக்கு வரட்டும் என்று. 1954 ஜனவரியில்தான் லொய்னா கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பியது. மேற்கில் கதை வேறு. அங்கேயும் கழற்றினார்கள், தொழிலாளிகள் வாசலில் நின்று மறித்தார்கள். 1949 நவம்பரில் பீட்டர்ஸ்பெர்க் ஒப்பந்தத்தில் பல ரப்பர், பெட்ரோல் ஆலைகள் பட்டியலிலிருந்து தப்பின. ஹிட்லருக்கு இரண்டு பக்கமும்தான் ஓட்டுப் போட்டார்கள், பில்லைப் பெரும்பாலும் கட்டியது கிழக்கு. உங்கள் பெரியவர் குரலில் கசப்பு இருந்தால் அது இங்கேயிருந்து வருவதுதான்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். நீங்கள் கழற்றுவதற்குப் பணம் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது, யார் மண்டையிலும் துப்பாக்கி இல்லை. ஆனால் இரும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வாங்குகிற கம்பெனியின் ஆபரேட்டர்கள் பிளாண்ட் ஓடும்போதே வந்து ஒரு ஷட்டவுனாவது பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அடுத்த மீட்டிங்கில் நீயே எழுப்பு. சின்னப் பெண் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பழைய லாக்புக்கையும், பென்சிலில் திருத்திய டிராயிங்கையும் குப்பைக்குப் போகவிடாதே. அச்சடித்த டிராயிங்கில் இல்லாதது அதில்தான் இருக்கும். கடைசி ஷிஃப்ட் ஆட்களை உட்காரவைத்துப் பேசவிட்டு ரெக்கார்ட் செய். ஜெர்மன் முழுசாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கன்வெர்ட்டரைக் கழற்றியதும் நைட்ரஜன் நிரப்பி மூடச் சொல். உள்ளே பழைய கேட்டலிஸ்ட் (வினையூக்கி) இருந்தால் காற்றுப் பட்டதும் சூடேறும், பக்கத்தில் நிற்காதே. கம்ப்ரஸர் ஷாஃப்ட்டைக் கப்பல் ஏறும்வரை வாரம் ஒரு தடவை கால் சுற்றுத் திருப்பிவிட ஒரு ஆளை நியமிக்கச் சொல், அந்த ஆளின் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்.

அம்மா பருப்புப்பொடி அனுப்புகிறாள். வந்ததும் போன் செய்.

அன்புடன்
அப்பா