ரசீதில் தாய் நாயின் எண்

ஐயா,

செல்லப்பிராணிக் கடைகளில் உரிமச் சோதனை நடப்பதாக வந்த செய்தி கண்டேன். சுவரில் மாட்டிய சான்றிதழைவிடக் குட்டியின் வாய் அதிகம் சொல்லும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதி. கடைகளிலோ ‘45 நாள்’ என்றுதான் பேரமே தொடங்குகிறது. பல குட்டிகளுக்குக் கடைவாய்ப் பால்பல்கூட முளைத்திருக்காது, அதாவது வயது ஒரு மாதத்தை ஒட்டித்தான். தாய்வழி எதிர்ப்புச்சக்தி குறையும் இப்பருவத்தில் பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைத்தால் பார்வோ என்னும் உயிர்கொல்லி வைரஸ் பரவாமல் என்ன செய்யும்? கூண்டைக் கழுவும் பினாயிலுக்கு அந்த வைரஸ் சாகாது.

தாய் நாயின் தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லின் (மைக்ரோசிப்) எண், பிறந்த தேதி, தடுப்பூசித் தேதி மூன்றும் ரசீதில் இல்லாத குட்டியை விற்கத் தடை விதிக்கலாம். ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான் என்ற விதி மீறப்படுவதும் அந்த எண்ணையும் பிறந்த தேதிகளையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.